சபைச் சான்றில் நான் எழுதிய மூன்று வரி

அன்புள்ள மகன் அருளுக்கு,

நான் உனக்கு எழுதிய கடிதம் எல்லாம் ஸ்தோத்திரத்தில்தான் ஆரம்பிக்கும். நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தில், "மேல் பாதி கர்த்தருக்கு, கீழ்ப் பாதிதான் எனக்கு" என்று என்னைக் கேலி செய்வாய். இந்தக் கடிதத்துக்கு அந்த மேல் பாதி வரமாட்டேன் என்கிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. உன் அம்மா எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, நான் எழுதுகிறேனா இல்லை பேனாவைத் துடைத்துக்கொண்டிருக்கிறேனா என்று பார்க்கிறாள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வடக்கே யூனிவர்சிட்டியில் வேலை உறுதியாகிவிட்டது, ஆனி மாதம் பிறந்ததும் குடும்பத்தோடு கிளம்புகிறோம் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது தெருவில் இறங்கி நாலு பேரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்குக் கீழேதான் அந்த வரி. "பாப்பாவுக்கு ஞானஸ்நானம் எப்போது என்று அம்மா கேட்டிருந்தாள். கொடுப்பதாக இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் என் சபை என்னை வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டது. என்னை வேண்டாம் என்ற இடத்தில் என் மகளைக் கொண்டுபோய் நிறுத்த மனம் வரவில்லை." அம்மாவுக்கு நான்தானே வாசித்துக் காட்ட வேண்டும்? அந்த வரிக்கு வந்ததும், கண்ணாடி சரியில்லை என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன். இந்த வயதிலும் பொய்.

அருள், சபை உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சொன்னேன். கமிட்டிக்குத் தெரியாது, போதகருக்குத் தெரியாது. நான், உன் அப்பன், என் கையால் எழுதி, நானே தபாலில் போட்டேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதற்குமேல் வாசிக்கப் பிடிக்கவில்லை என்றால் இங்கேயே மடித்து வைத்துவிடு, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள உனக்கு உரிமை இருக்கிறது.

எனக்குக் கிடைத்த வேதசாஸ்திரப் படிப்பு மொத்தம் மூன்று மாதம். மிஷன் காம்பவுண்டில் ஒரு ஓலைக் கொட்டகை, பதினோரு பேர், வெள்ளைக்காரத் துரை சொல்லச் சொல்லக் கேள்வியும் பதிலுமாக நாங்கள் எழுதிக்கொண்ட ஒரு நோட்டு. இதை மனப்பாடம் செய்தால் போதும், உபதேசியார் வேலை பார்க்கலாம் என்றார்கள். செய்தேன். உன் தாத்தா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அறுபது வயதிலும் அவரை மீசை முளைக்காத பையன்கள் "டேய்" என்று கூப்பிடுவார்கள், அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார். எனக்கோ இருபத்தைந்து வயதில், அந்த நோட்டையும் ஒரு குடையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், "உபதேசியார் ஐயா வராரு, பாய எடுத்துப் போடு" என்று குரல் கேட்கும். அந்தக் குரலைக் கேட்கத்தான் நான் வெயிலில் மைல் கணக்காக நடந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. என்னை மனுஷனாக நிமிர்த்தி வைத்தது அந்த நோட்டு. அதில் இல்லாத கேள்வியை எவனாவது கேட்டுவிடுவானோ என்று எப்போதும் பயம்.

முதலில் கேட்டவன் நீ. எட்டு வயது உனக்கு. மாகறல் பக்கத்துச் சேரியில் ஜெபக்கூட்டம். செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, உன்னைக் கேரியரில் உட்கார வைத்து அழைத்துப்போனேன். அன்றைக்குப் பெருவெள்ளத்தைப் பற்றிப் பிரசங்கம். ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம் செய்த ஜீவன் எல்லாம் தண்ணீரில் அழிந்தது என்று நான் குரலை உயர்த்திச் சொன்னேன், முன்வரிசையிலிருந்து நீ எழுந்து, "அப்பா, மீனு மட்டும் சாவலியே? மீனு பாவம் பண்ணலியா?" என்றாய். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிழவர் ஒருவர், "புள்ள கேக்குறது நாயந்தானே, சொல்லுங்க உபதேசியாரே" என்றார். எனக்கு எங்கே தெரியும்? நோட்டில் இல்லையே. வரும் வழியில் ஆற்று மணலில் சைக்கிளை நிறுத்தி உன் காதைத் திருகினேன். "கேள்வி கேக்கறது பள்ளிக்கூடத்துல. கோயில்ல கேக்கக் கூடாது" என்றேன். நீ அழவில்லை. காதைத் தடவிக்கொண்டே, "பள்ளிக்கூடத்துல மீனப் பத்தி கேட்டா அவங்க சொல்லிடறாங்கபா" என்றாய். நீ விலங்கியல் படிக்கப் போனது அன்றைக்கு முடிவானது என்றுதான் நினைக்கிறேன்.

படித்தாய், லெக்சரர் ஆனாய், மெட்ராஸில் கவர்மெண்டு காலேஜில் வேலை. என்னைவிட அதிகமாக யாரும் பெருமை அடித்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் தெருத் தறிக்காரர்கள் எல்லாரும் உன் சம்பள நாள்கூடத் தெரியும் அளவுக்கு என் வாயால் அவஸ்தைப்பட்டிருக்கிறார்கள். பிறகு சந்திரனில் மனுஷன் இறங்கின வருஷம், கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம், கருவாட்டுக் குழம்பு. நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், சாப்பிடவில்லை.

"அப்பா, ஸ்டாஃப் ரூம்ல கேக்கறாங்க. உங்க வேதத்துல ஆறு நாளு, உன் வகுப்புல கோடி வருஷம், இன்னாயா, எது நெஜம்னு. கிண்டலுக்குக் கேக்கறவன்கிட்ட நானும் கிண்டலா சொல்லிட்டுப் பூடுவேன். நெஜமாவே தெரிஞ்சிக்கணும்னு கேக்கறவனும் இருக்கறான்பா. அவன்கிட்ட இன்னா சொல்றது?"

"விசுவாசிக்கணும்னு சொல்லு" என்றேன்.

"அதான் சொல்லிக்கினு வரேன். திங்கக்கெழம வகுப்புல ஒண்ணு சொல்றேன், ஞாயித்துக்கெழம இங்க வந்து ஒண்ணு சொல்றேன். ரெண்டு எடத்துலயும் பொய் சொல்றா மாதிரி இருக்குதுபா."

அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தாய். வெளியூரில் ஒரு இறையியல் கல்லூரி, பொதுக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கு என்றே ஒரு வருஷப் படிப்பு நடத்துகிறது என்றாய். வேதத்தை எப்படி வாசிப்பது, மூல பாஷை கொஞ்சம், சபையின் சரித்திரம். படித்து முடித்து மறுபடியும் உன் லேபுக்கே, உன் தவளைகளுக்கே திரும்பிவிடுவேன் என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "பாதிரி ஐயருக்கும் ஆவாம வாத்தியாருக்கும் ஆவாம இன்னா படிப்பு அது?" அம்மா, "படிக்கற புள்ள படிக்கட்டுமே, ஒங்களுக்கு இன்னா நோவுது?" என்றாள். எங்கே நோகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

உன் பிரின்சிபால், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனுஷன், ஒரு வருஷ லீவுக்கு உடனே சம்மதித்துவிட்டார் என்றும் சொன்னாய். "போய்ட்டு வாய்யா, தெரிஞ்சிக்கினு வந்து எனக்கும் சொல்லு" என்றாராம். மிச்சம் இருந்தது ஒன்றுதான், சபையின் சான்று. சபையே நிரப்பி, நீ பார்க்காமல், நேராகக் கல்லூரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். எங்கள் சபையில் காகித வேலை எப்படி நடக்கும் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. போதகருக்குப் பத்துக் கிராமம். மாதத்துக்கு ஒரு தரம்தான் எங்கள் கோயிலுக்கு வருவார். வரும்போது பத்துப் பதினைந்து தாளில் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, "நீங்க பாத்து எழுதிக்கோங்க உபதேசியாரே" என்று வைத்துவிட்டுப் போவார். கல்யாண ஓலை, ஞானஸ்நானச் சான்று, பள்ளிக்கூடத்துக்கு நன்னடத்தைக் கடிதம், எல்லாம் அவர் கையெழுத்துக்கு மேலே என் எழுத்து. உன் படிவத்திலும் அப்படியே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் வாசிக்கக்கூட இல்லை. "நம்ம அருளுக்கா? பேஷா எழுதுங்க" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம், கோயில் மேசையில் உட்கார்ந்தேன். "விண்ணப்பித்தவர் விசுவாசத்தில் உறுதியானவரா?" என்று ஒரு கேள்வி, அதன் கீழே மூன்று கோடு. நான் எழுதினேன். "அறிவில் தேறினவர். விசுவாசத்தில் இன்னும் உறுதிப்படவில்லை. இப்போது அனுப்புவது நலமல்ல." மூன்று கோட்டுக்கும் சரியாக வந்தது. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது, சொந்த மகன் என்று பட்சபாதம் காட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு பக்தி பார்! ஊரில் இன்னொருவன் மகனுக்கு நான் அப்படி எழுதியிருப்பேனா? குடித்துவிட்டு வந்து பொண்டாட்டியை அடித்தவனுக்கெல்லாம் "நல்லொழுக்கம் உடையவர்" என்று எழுதிக் கொடுத்த கை இது.

உண்மையைச் சொல்கிறேன். பொறாமை. பெற்ற பிள்ளைமேல் பொறாமை. நீ அந்த ஒரு வருஷத்தை முடித்து வந்தால், முன்வரிசையில் உட்கார்ந்து என் பிரசங்கத்தைக் கேட்பாய். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரிந்துவிடும். ஜனங்களும் ஒரு நாள், "புள்ளைய பேசச் சொல்லுங்க உபதேசியாரே" என்பார்கள். என் நோட்டு குப்பைக்குப் போகும், "டேய்" என்று யாரோ கூப்பிடுவதுபோல இருந்தது எனக்கு. அதற்குப் பயந்துதான் எழுதினேன். எழுதிக் காய வைத்து, என் கையாலேயே ஒரு நகலும் எழுதி ஃபைலில் கோத்துவிட்டு, தபாலில் போட்டுவிட்டு வந்து நன்றாகத் தூங்கினேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

கல்லூரியிலிருந்து உனக்கு இரண்டே வரியில் பதில் வந்தது. சபையின் பரிந்துரை கிடைக்காததால் இடம் தர இயலவில்லை என்று. அதை எடுத்துக்கொண்டு நீ பஸ் ஏறி வந்தாய். கோபப்படுவாய் என்று நினைத்து நான் தயாராக இருந்தேன். நீயோ என் பக்கத்தில் உட்கார்ந்து, "என் சபைக்கே நான் வேணாமாபா?" என்று சின்னக் குரலில் கேட்டாய். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "போதகரு என்னமோ எழுதிட்டாரு போல, விடு" என்றேன். ஒரு தப்பின்மேல் இன்னொன்று. அவர் பழியைச் சுமந்தார், அவருக்கே தெரியாமல். அன்றோடு நீ கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. ஏழு கிறிஸ்துமஸ் ஆயிற்று. அம்மாவை வாசலில் விட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் நிற்பாய், ஆராதனை முடியும்வரை. நான் உள்ளே நின்றுகொண்டு, பாட்டு வரும்போது உன் வாய் அசைகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். முதல் இரண்டு வருஷம் அசைந்தது.

இந்த வைகாசியில் அந்தப் படிப்பையே ஐந்து நாள் வகுப்பாகச் சுருக்கி நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடத்தினார்கள். கருட சேவைக் கூட்டம் ஊரெல்லாம் நெரிகிறது, வெளியே மேளம், உள்ளே பதினாலு காலேஜ் ஆசிரியர்கள். பாய் விரிப்பது, தண்ணீர் வைப்பது, இட்லி வாங்கி வருவது என் பொறுப்பு. வேலை முடிந்ததும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். பாடம் நடத்தியவர் உன்னைவிட இளையவர். முதல் நாளே கணக்கு லெக்சரர் அம்மா ஒருவர் எழுந்து, நீ கருவாட்டுக் குழம்பை வைத்துக்கொண்டு கேட்ட அதே ஆறு நாள் கேள்வியைக் கேட்டார். எனக்குக் காது சுட்டது. இப்போது பாடம் நடத்துகிறவர் திட்டப்போகிறார் என்று பார்த்தேன். அவரோ, "இதுக்கு முழுப் பதில் எனக்குத் தெரியாதுங்க. சேந்து பாக்கலாம், ஒக்காருங்க" என்றார். தெரியாது என்று ஒரு வேதசாஸ்திரி சொல்லி என் ஆயுசில் நான் கேட்டதில்லை. கூரை இடிந்து விழவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், பிறகு ஜெபம் செய்தார்கள்.

நாலாம் நாள் எனக்கு என்ன வந்ததோ, கையைத் தூக்கிவிட்டேன். "ஐயா, பெருவெள்ளத்துல மீனு ஏன் சாவல? அது மட்டும் பாவம் பண்ணலியா?" அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மிட்டாய் கிடைத்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. "இத்தினி வருஷத்துல இத யாரும் என்கிட்ட கேட்டதே இல்லீங்க!" ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். கடைசியில், "எப்படிங்க ஒங்களுக்கு இந்தக் கேள்வி தோணிச்சி?" என்றார்.

"எனக்குத் தோணலிங்க. என் மகன் எட்டு வயசுல கேட்டது."

"இப்ப இன்னா பண்றார்?"

"விலங்கியல் லெக்சரர். கவர்மெண்டு காலேஜ்."

"அட, அவருதானே இங்க ஒக்காந்திருக்கணும்! ஏன் கூட்டிக்கினு வரல?"

நான் கூஜாவை எடுத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரப் போகிறவன்போல வெளியே போய்விட்டேன். குழாயடியில் நின்று அழுதேன். கூஜா நிரம்பி வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன். சாயங்காலம் அவரைத் தனியாகப் பிடித்து, விசுவாசத்தில் உறுதிப்படாதவன், கேள்வி கேட்கிறவன் என்றால் உங்கள் படிப்பில் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். "அவங்களுக்குத்தான் இந்தப் படிப்பே" என்றார். "ஆனா சபையே வேணாம்னு எழுதிட்டா நாங்க எப்படிங்க எடுக்கறது?" என்றார்.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். தள்ளிப் போட்டேன். வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது, அதன் பிறகு தள்ள இடமில்லை. நேற்றுக் காலை செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறி, அங்கே ஓய்வில் இருக்கும் பழைய போதகரைப் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னேன். "ஏழு வருஷமா அந்தப் புள்ள என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போவுது. நான் இன்னா பண்ணேன்னு யோசிச்சிக்கினே இருந்தேன் உபதேசியாரே" என்றார். அவ்வளவுதான். காபி கொடுத்து அனுப்பினார். முடிந்தால் ஊரை விட்டுப் போவதற்கு முன் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போ. திரும்பி வந்ததும், கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுத் தாள்களைப் புதுப் போதகரிடம் ஒப்படைத்தேன். என்னிடம் அவை இருக்கக் கூடாது.

அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "ஏழு வருஷம் அந்த மரத்தடியில நிக்க வச்சிட்டீங்களே எம்புள்ளைய" என்று ஒரே வார்த்தை. நேற்றிலிருந்து தட்டைக்கூடக் கையில் கொடுப்பதில்லை, தரையில் வைத்துத் தள்ளுகிறாள். இப்போது நான் எழுதுவதைப் பார்த்து, இதையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள்: "அவன் வந்தா வரட்டும், வரலன்னா நான் போறேன் எம்பேத்தியோட இருக்க. நீங்க இங்கியே கெடங்க." எழுதிவிட்டேன்.

அந்த ஒரு வருஷத்தை உனக்கு நான் திருப்பித் தர முடியாது. கைக்குழந்தை, புது வேலை, புது ஊர். அப்போது உனக்கு இருந்த தாகமும் இப்போது இருக்குமா என்று தெரியவில்லை. பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, கேட்கவும் இல்லை. உன் மகள், உன் முடிவு. ஆனால் முடிவு எடுக்கும்போது பொய்யான காரணத்தை வைத்து எடுக்காதே. கர்த்தர்மேலும் சபைமேலும் நீ வைத்திருக்கிற கோபம் என் பெயருக்கு வரவேண்டியது. அதை அவர்களிடமிருந்து எடுத்து என்மேல் வை. நான் தாங்கிக்கொள்வேன், தாங்காவிட்டாலும் பரவாயில்லை. அவள் வளர்ந்து மீனைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ உன்னிடம் கேட்டால், தெரிந்ததைச் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். காதைத் திருகாதே.

நான் சொன்னதை நீ நம்பாமல் போகலாம். போதகரைக் காப்பாற்ற அப்பா பழியை ஏற்கிறார் என்றுகூட நினைப்பாய், நீ அப்படிப்பட்ட பிள்ளை. அதனால் ஃபைலில் இருந்த நகலை எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே போதகரின் கையெழுத்து இருந்த இடம் வெறுமையாக இருக்கும், அதைப் பார்க்காதே. மேலே இருக்கிற மூன்று வரியைப் பார். அது யார் எழுத்து என்று உனக்குத் தெரியும். உன் விரலைப் பிடித்து 'அ' போட வைத்த கைதான் அது.

உன் அப்பா